இழுகயிறு

25க்கு 1. இருபத்தைந்து பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஓயில். டூ ஸ்ட்ரோக் புல்வெட்டும் மெசின் வைத்திருந்தவர்களின் கராஜ் மூலையில் இந்தக் கலவை ஒரு கானில் இருக்கும். பக்கத்தில் கறுத்துப்போன துணி, கம்பித் தூரிகை, பிளக் கழற்றும் சாவி. இந்த எஞ்சினுக்கு ஓயில் தொட்டி என்று தனியே எதுவும் கிடையாது. பெற்றோலோடு கலந்து போகும் ஓயில்தான் உள்ளே உராயும் பாகங்களை நனைக்கும். பிறகு அதுவும் எரிந்து நீலப் புகையாக வெளியே வரும். ஓயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கூடினால் பிளக்கில் கரி பிடிக்கும். அளவுக் குவளை இல்லாமல், கலவையை முகர்ந்தே சரி பிழை சொல்லக்கூடியவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். சிட்னியின் மேற்கே பென்டில் ஹில்லில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபோனபோது, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அப்படி ஒருவர்.

அவரிடம் போவதற்கு முன் யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்குப் போக வேண்டும்.

ஐயா தோட்டக்காரர். செம்மண் பூமி, ஆழக் கிணறு, வெங்காயம், மிளகாய், புகையிலை. அவருடைய சின்ன வயதில் துலா மிதித்துத்தான் இறைப்பு. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் பாத்திக்குத் தண்ணீர் மாற வேண்டும். மூன்று பேர் வேலை. என் சின்ன வயதில் அந்த இடத்துக்கு மெசின் வந்துவிட்டது. வாட்டர் பம் என்று முழுப்பெயர் சொல்பவர்கள் குறைவு. எங்கள் பக்கத்தில் ‘மெசின்’ என்றாலே அதுதான். கப்பியில் கயிற்றைச் சுற்றி, ஒரு காலைக் கிணற்றுக் கட்டில் ஊன்றி, ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். அது பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் ஆவியாகாது. அதனால் முதலில் கொஞ்சம் பெற்றோல் கொடுத்துச் சூடாக்கி, சத்தம் சீரானதும் குழாயை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்புவார்கள். எந்தக் கணத்தில் திருப்புவது என்பது ஐயாவின் காதுக்குத் தெரியும். கொஞ்சம் முந்தினால் எஞ்சின் இருமி நின்றுவிடும். பிந்தினால் பெற்றோல் வீண்.

1990 யூனில் போர் மறுபடி மூண்டது. குடாநாட்டுக்குப் பொருட்கள் வருவது நின்றது. அரசாங்கத்தின் தடைப் பட்டியலில் பெற்றோல் இருந்தது. பற்றரியும் இருந்தது, ரோர்ச்சுக்குப் போடும் சின்னப் பற்றரி உட்பட. மின்சாரமும் போய்விட்டது. அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்து மோட்டர் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பழைய கார்களும் ஓடின. பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்துக்கொண்டு, தொடங்கும்போது மட்டும் காபரேற்றருக்குள் துளித்துளியாகவோ பீச்சியோ விடுவார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டால் மிச்சத் தூரத்துக்கு மண்ணெண்ணெய். வெள்ளைப் புகையும் கண்ணெரிவுமாக வண்டி போகும். மண்ணெண்ணெயும் மலிவில்லை. விளக்குக்கும் அதுதான், இறைப்புக்கும் அதுதான். எத்தனையோ வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கின் ஒரு மணி நேர வெளிச்சத்துக்கும் ஒரு வரிசை வெங்காயத்தின் தண்ணீருக்கும் நடுவே தெரிவு செய்ய வேண்டியிருந்தது. வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். நானும் சுற்றியிருக்கிறேன். சுற்றுகிறவன் வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கும், சுற்றியிருப்பவர்கள் ஏசுவார்கள்.

ஐயாவின் மெசின் அந்தக் காலம் முழுவதும் ஓடியது. உதிரிப்பாகம் எதுவும் வராத ஊரில் ஓடியது. காஸ்கெட்டுக்குக் காட்போட் வெட்டினார்கள். தேய்ந்த பிஸ்டன் வளையத்துக்குச் சுன்னாகத்தில் ஒருவர் ஏதோ செய்து கொடுத்தார். எஞ்சினை நடு முற்றத்தில் சாக்கு விரித்துக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைக்கும் வேலை என்னுடையது. பூட்டும்போது ஒன்று மிஞ்சினால் மறுபடி தொடக்கத்திலிருந்து. அந்த மெசினைச் செய்தவர்கள் எங்கோ ஒரு தூர நாட்டில் இருந்தார்கள். அவர்களிடமிருந்து ஒரு ஆணிகூட வர வழியில்லை. ஆனால் அவர்கள் அதைத் திறக்கக்கூடியதாகச் செய்திருந்தார்கள். அந்த ஒன்றே எங்களுக்குப் போதுமாயிருந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குத் தப்பி, எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் ஊரை விட்டு நடந்தது. நாங்களும் நடந்தோம். மெசினைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

சிட்னிக்கு வந்து முதலில் இருந்தது ஹோம்புஷில், ஒரு சிறிய வாடகை ஃபிளாட்டில். 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் மைதானம் எங்களுக்குப் பக்கத்தில்தான்; வாணவேடிக்கை ஜன்னலில் தெரிந்தது. மற்ற எல்லாவற்றையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். தொடக்க விழாவில் ஆட்கள் வரிசையாகப் புல்வெட்டும் மெசின்களைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் ஆடி வந்தார்கள். உலகம் முழுவதும் பார்க்கும் ஒரு மேடையில் ஒரு நாடு தன்னைப் பற்றிக் காட்டத் தேர்ந்தெடுத்தவற்றில் புல்வெட்டும் மெசினும் ஒன்று என்பதை என்னால் அப்போது விளங்கிக்கொள்ள முடியவில்லை.

வேலையிடத்தில் ஒருவர் விளக்கினார். 1952இல், ஹோம்புஷுக்குக் கிட்ட உள்ள கொன்கோர்ட்டில், மெர்வின் விக்டர் ரிச்சட்சன் என்பவர் தன் வீட்டுக் கராஜில் கழிவு இரும்பை வைத்து ஒரு புல்வெட்டும் மெசின் செய்தார். புல் வெட்டிச் சம்பாதித்துக்கொண்டிருந்த மகனுக்கு உதவத்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, தண்டு கீழே நோக்க, அதன் முனையில் சுழலும் தட்டில் அலகுகளைப் பூட்டினார். பெற்றோல் தொட்டிக்கு அவருக்குக் கிடைத்தது பீச் பழம் வந்த ஒரு வெறுந்தகரம். தன் நடுப்பெயரைச் சுருக்கி அந்த மெசினுக்கு விக்டா என்று பெயர் வைத்தார். சில வருடங்களுக்குள் ஆயிரக்கணக்கில் தொழிற்சாலையில் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். அதற்கு முன் இங்கே வளவு வைத்திருந்தவர்கள் உருளை அலகு மெசினைக் கையால் தள்ளினார்கள். உயர்ந்த புல்லில் அது புகாது. விக்டா புகுந்தது. அலகுகள் கீல் போலத் தொங்குவதால் கல்லில் பட்டால் மடங்கிப் பின்வாங்கிவிடும், முறியாது.

அந்தப் பீச் தகரம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வெறுந்தகரத்தில் பெற்றோல் ஊற்றி எஞ்சின் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். நான் அவர்களிடையே வளர்ந்தவன். எவ்வளவோ தூரம் வந்து சேர்ந்த இந்த நாட்டில் முதன்முதலாக ஒரு பொருளைப் பார்த்து, இதைச் செய்தவனும் எங்களைப் போன்றவன்தான் என்று தோன்றியது அப்போதுதான்.

பென்டில் ஹில் வளவில் மூன்று வகைப் புல் இருந்தது. முன்பக்கம் பஃபலோ, அகலமான இலை. வேலியோரம் கிக்கூயூ, தண்ணீர் கண்டால் அது ஒரு கிழமையில் பாதத்தை மூடும். பின்வளவில் வெயில் படும் பக்கம் முழுக்க அறுகம்புல். ஆம், பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அறுகுதான்; இங்கே விளையாட்டு மைதானங்களுக்கும் வீட்டு வளவுகளுக்கும் அதைப் போடுகிறார்கள். அம்மாவுக்கு அதைக் கண்டதும் வந்த நிம்மதி எனக்கு நினைவிருக்கிறது. வாசலுக்கு வெளியே நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள புல் கவுன்சிலுக்குச் சொந்தம். ஆனால் வெட்டுவது வீட்டுக்காரர். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, வெட்டாமல் விட்டால் தெருவே அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு போகும்.

பழைய டூ ஸ்ட்ரோக் ஒன்றை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தெரு முழுக்க அந்தச் சத்தம்தான். நியூ சவுத் வேல்ஸில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன் மெசின் போடக்கூடாது. எட்டு அடிக்கும்போது தெருவின் இரண்டு அந்தத்திலிருந்தும் தொடங்கிவிடும். நாங்கள் குடிபோன முதல் ஞாயிறு, அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். வெளியே எங்கோ ஒரு மெசின் பிடித்தது. முதலில் இரண்டு மூன்று வெடிப்பு, பிறகு ஒரே இரைச்சல். அம்மா திருவலையை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோரம் போய்க் குந்திவிட்டார். ஊரில் குண்டு போட வந்த பொம்மருக்கும் சகடைக்கும் ஹெலிக்கும் சத்தம் வேறு வேறு என்பதைத் தூக்கத்திலும் பிரித்துச் சொல்லக்கூடியவர் அவர். இது அவருடைய பட்டியலில் இல்லாத சத்தம். அதனால்தான் அவ்வளவு பயம். நான் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்க் காட்டினேன். தொப்பி போட்ட ஒரு கிழவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கிழவர்தான் வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர். மால்ட்டாவிலிருந்து வந்தவர். மேற்குச் சிட்னியில் மரக்கறித் தோட்டமும் கோழிப்பண்ணையும் வைத்தவர்களில் மால்ட்டாக்காரர்கள் நிறையப் பேர். அவரும் கோவாவும் தக்காளியும் போட்டு ஓய்ந்தவர். என் மெசின் ஒருநாள் எவ்வளவு இழுத்தும் பிடிக்காமல் நின்றபோது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வந்தார். பிளக்கைக் கழற்றி முகர்ந்தார். நனைந்திருந்தது. பிளக் இல்லாமலே கயிற்றைச் சில தரம் இழுத்து உள்ளே தேங்கிய பெற்றோலை வெளியேற்றினார். பிளக்கைத் துடைத்து, தூரிகையால் உரசி, பூட்டினார். பிறகு கயிற்றை என் கையில் தந்தார். தானே இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. எஞ்சின் பிடித்தது.

நான் கயிறு பிடிக்கும் விதத்தைப் பார்த்து, முன்பு எங்கே எஞ்சின் இழுத்தாய் என்று கேட்டார். மண்ணெண்ணெய் எஞ்சின் என்றேன். கிணறு, வெங்காயம், தடை, துளித்துளியாகப் பெற்றோல் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் பத்து வயதைச் சொல்லத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் மால்ட்டா முற்றுகையில் கிடந்த தீவு. குண்டும் பசியும் ஒரு பக்கம். மறுபக்கம் அடுப்புக்கும் விளக்குக்கும் மண்ணெண்ணெய் இல்லை. 1942 ஓகஸ்ட் 15 அன்று ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல், வழியில் வாங்கிய அடிகளில் தானாக ஓட முடியாமல், இரண்டு பக்கமும் போர்க்கப்பல்களைக் கட்டித் தாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குள் வந்தது. அதற்குள் இருந்த எண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும்தான் தீவு பிழைத்தது. அன்று மாதா திருநாள். இலங்கையில் மடு மாதா கோவில் ஆவணித் திருவிழாவும் அதே நாள்தான் என்றேன். அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு அவரும் நானும் மெசின் சாட்டில் எத்தனையோ ஞாயிறுகள் பேசினோம். அவருடைய கராஜில் எதுவும் எறியப்பட்டதில்லை. பழைய மெசின்களின் காபரேற்றர், சைலன்சர், தேய்ந்த அலகு, இழுகயிறு எல்லாம் தகரங்களில் தனித்தனியாக இருக்கும். முற்றுகையில் வளர்ந்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று அம்மா சொன்னார். எங்கள் வீட்டுக் கராஜும் மெல்ல மெல்ல அப்படியே ஆகிக்கொண்டிருந்தது.

இனி இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின் தீங்கானது. டூ ஸ்ட்ரோக்கில் எரிந்த புகை வெளியேறும் அதே வேளையில் புதுக் கலவை உள்ளே வருகிறது. இரண்டு வாசலும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். வந்த கலவையில் நாலில் ஒரு பங்கு வரை எரியாமலே புகையோடு வெளியே போய்விடும். ஐயா துளித்துளியாக எண்ணிய பெற்றோலை நான் புல்லுக்கு மேல் தெளித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. தெளித்தது ஓயிலும் சேர்த்து. பின்னால் நடப்பவன் அதைத்தான் மூச்சிழுக்கிறான். காரின் புகைக்கு எத்தனையோ கட்டுப்பாடு இருந்த காலத்தில், புல்வெட்டும் மெசினின் புகையை இங்கே யாரும் கேட்கவில்லை. 2018 யூலையிலிருந்துதான், இந்தச் சிறிய எஞ்சின்களுக்கும் புகை அளவு விதித்து, அளவு மீறியவற்றின் இறக்குமதியை அவுஸ்திரேலியா நிறுத்தியது. 2019 யூலையிலிருந்து விற்பனையையும் நிறுத்தியது. பழைய மாதிரி டூ ஸ்ட்ரோக்குகள் கடையிலிருந்து போயின. வைத்திருந்தவர்கள் வைத்திருந்தோம்.

பிறகு மழை வந்தது. 2022இல் சிட்னியில் 2530 மில்லிமீற்றர் பெய்தது. பதிவு வைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அவ்வளவு பெய்த வருடம் இல்லை. வெட்டிய மறுநாளே புல் எழும்பி நின்றது. ஈரப்புல்லில் மெசின் மூச்சடைத்து நிற்க, மறுபடி கயிறு, மறுபடி பிளக். என் வலது தோளுக்கு வைத்தியர் ஒரு பெயர் சொன்னார். கயிறு இழுப்பதை விடச் சொன்னார். மால்ட்டாக்காரர் அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே இறந்துபோயிருந்தார். அவருடைய கராஜைப் பிள்ளைகள் ஒரு நாளில் வெறுமையாக்கினார்கள்.

அந்த வருடக் கடைசியில் மின்சார மெசின் வாங்கினேன். வயர் இழுத்துக்கொண்டு போவது இல்லை, பற்றரியில் ஓடுவது. இரண்டு பற்றரி. ஒன்றில் முன்வளவும் ரோட்டோரமும், மற்றதில் பின்வளவு. பெட்டிக்குள் பற்றரியைச் சொருகி, சின்னச் சாவியைப் போட்டு, பொத்தானை அமத்திக்கொண்டு கைப்பிடிக் கம்பியை இழுத்தால் ஓடுகிறது. கம்பியை விட்டால் நின்றுவிடுகிறது. காத்திருக்க, கேட்க, முகர எதுவும் இல்லை.

ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 கிலோவோற் மணி வெப்பம் இருக்கிறது. என் பற்றரி ஒன்று 36 வோல்ற், 5 அம்பியர் மணி. அதாவது 180 வோற் மணி. இரண்டும் சேர்ந்து 360. ஒரு லீற்றர் பெற்றோலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அந்தப் பழைய 25க்கு 1 இங்கே இப்படித் திரும்பி வந்திருக்கிறது. அவ்வளவு கொஞ்சத்தில் முழு வளவும் முடிவதற்குக் காரணம், மின் மோட்டர் தனக்குக் கொடுத்ததில் பெரும்பகுதியைச் சுழற்சியாக மாற்றிவிடுகிறது. சின்னப் பெற்றோல் எஞ்சினில் ஐந்தில் ஒரு பங்கு மாறினாலே பெரிய காரியம். மிச்சம் சூடும் சத்தமும் புகையும். எங்கள் கூரையில் சோலர் இருக்கிறது. மதியத்தில் சார்ஜ் போட்டால் காசு கேட்பவர் இல்லை. தடைக் காலத்தில் ஒரு சோடி ரோர்ச் பற்றரிக்காகத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் கேட்டுத் திரிந்த ஊரிலிருந்து வந்தவன், இப்போது பற்றரியால் புல் வெட்டுகிறேன். இந்த மாற்றத்தை நினைக்காமல் அந்தப் பொத்தானை ஒருநாளும் அமத்தியதில்லை.

மின்சாரமே சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். அது எங்கே, எதில் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்த இடத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது பெரிய பிரச்சினையாக எழுந்து, 2019இல் உயர் நீதிமன்றம் வரை போய் நட்டஈட்டுத் தீர்ப்பு வந்தது. சுண்ணாம்புக்கல் நிலம்; ஓரிடத்தில் ஊற்றியது இன்னோரிடத்தில் ஊறும். உரும்பிராய் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஐயாவின் எஞ்சின் சிந்திய ஓயிலைச் சாக்கால் ஒற்றி எடுத்துக் கிணற்றடியைக் கழுவிவிட்டுத்தான் அவர் வீட்டுக்கு வருவார்.

மின்சார மெசின் வந்த முதல் ஞாயிறு, நான் பின்வளவில் அரைவாசி வெட்டியிருப்பேன். அம்மா கைத்தடியோடு அவசரமாகப் படியிறங்கி வந்தார்.

“என்னம்மா?”

“சத்தத்தைக் காணேல்லை, தம்பி. விழுந்து கிழுந்து போனியோ எண்டு பாக்க வந்தனான்.”

“இது சத்தம் போடாது அம்மா. பற்றரி.”

“அப்ப நீ எங்க நிக்கிறாய் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

எந்தச் சத்தத்துக்குச் சுவரோரம் குந்தினாரோ, அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இருபது வருடமாக மகன் எந்த மூலையில் நிற்கிறான் என்று உள்ளேயிருந்து அளந்திருக்கிறார். இப்போது நான் அவருக்குத் தெரியும்படி குசினி ஜன்னலுக்கு நேரே உள்ள பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்குகிறேன். அறுகம்புல் பக்கத்தில் ஒரு சதுரத்தை அவர் கேட்டபடி வெட்டாமல் விடுகிறேன்.

சத்தம் குறைந்ததில் எனக்கு இன்னொரு நன்மை. இங்குள்ள விதி, பக்கத்து வீட்டு அறைக்குள் கேட்கிற சத்தத்தைத்தான் தடுக்கிறது. கோடையில் எட்டு மணிக்கு முன்பே வெயில் ஏறிவிடும். வேலிகளுக்குத் தள்ளி, வளவின் நடுவில் ஏழரைக்கே தொடங்கலாம். பறவைகள் பயப்படுவதில்லை. மக்பை குருவி இரண்டு பின்னாலேயே நடந்து, வெட்டிய புல்லில் பூச்சி பொறுக்குகின்றன. பிள்ளைகள் வளவில் நின்று என்னோடு பேசுகிறார்கள், முன்பு சைகைதான். திரும்பப் பெற்றோலுக்குப் போகச் சொன்னால் போக மாட்டேன். இதில் எனக்கு இரண்டு மனமில்லை.

மனம் ஆறாத இடம் வேறு. சென்ற கோடையில் பற்றரிகளில் ஒன்று நின்றுவிட்டது. சார்ஜரில் வைத்தால் சிவப்பு விளக்கு மினுங்கும், அவ்வளவுதான். வாங்கிய கடையில் கேட்டேன். புதிது வாங்கச் சொன்னார்கள். விலை கேட்டால், மெசினின் விலையில் பாதிக்குக் கிட்ட வந்தது. வேறு கம்பனிப் பற்றரி மலிவாக இருந்தது. ஆனால் அதன் வாய் வேறு வடிவம், இதில் புகாது. அநேகமான கம்பனிகள் உள்ளே வைப்பது ஒரே மாதிரிக் கலங்களைத்தான். ஒவ்வொன்றும் 3.6 வோல்ற், பத்தைத் தொடராகப் பூட்டினால் 36. முழுச் சார்ஜில் சற்றுக் கூடக் காட்டும் என்பதால் சிலர் அதையே 40 வோல்ற் என்று பெட்டியில் அடித்து விற்கிறார்கள். உள்ளே ஒன்று, வெளியே மட்டும் ஆளுக்கொரு பூட்டு.

தங்கையின் மகன் இலத்திரனியல் படித்தவன், அந்த வேலையே செய்கிறவன். அவனிடம் கொண்டுபோனேன். லிதியம் கலங்களைத் தெரியாதவர்கள் திறக்கக்கூடாது. உள்ளே கம்பி தொட்டால் தீப்பிடிக்கும், குப்பை லொறிகளில் பிடிக்கும் தீக்கள் பலவற்றுக்கு அதுவே காரணம். அவன் கண்ணாடியும் கையுறையும் போட்டு, மேசையில் தீப்பிடிக்காத விரிப்புப் போட்டு, திறந்தான். திருகாணிகளின் தலை எந்தக் கடைச் சாவிக்கும் பொருந்தாதது. அதற்கு ஒரு தனிச் சாவி. உள்ளே சோடி சோடியாக இருபது கலம். ஒவ்வொரு சோடியையும் அளந்து தாளில் எழுதினான்.

“மாமா, ஒன்பது சோடி நல்லாத்தான் இருக்கு. ஒண்டுதான் போட்டுது.”

“அதை மாத்தலாமே, தம்பி?”

“கலத்தை மாத்தலாம். ஆனா இந்த போர்ட் தன்னைத்தானே பூட்டிப்போட்டுது. கலம் மாத்தினாலும் திறக்காது. திறக்கிற வழி கம்பனியிட்டத்தான் இருக்கு.”

அந்த போர்ட்டைக் காரணமில்லாமல் வைக்கவில்லை. ஒரு கலம் கெட்டால் மற்றவை அதைச் சூடாக்காமல் காப்பாற்றுவது அதன் வேலை. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. என் கேள்வி அதற்குப் பிறகு வருவது. காப்பாற்றிய பிறகு, தெரிந்த ஒருவர் திருத்திய பிறகு, ஏன் மறுபடி திறக்கக்கூடாது? பத்தில் ஒன்பது பங்கு நல்லதாக உள்ள ஒரு பொருளை எறியச் சொல்வதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது? இந்த நாட்டின் உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2021இல் திருத்தும் உரிமை பற்றி ஒரு பெரிய அறிக்கையே கொடுத்தது. மோட்டர் வாகனங்களுக்கு, திருத்தத் தேவையான தகவலைக் கராஜ்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டமும் 2022இல் நடைமுறைக்கு வந்தது. காருக்கு நியாயமானது புல்வெட்டும் மெசினுக்கும் நியாயம்தான்.

கெட்டுப்போன பற்றரிகளைச் சேர்க்கும் பெட்டி கடை வாசல்களில் இருக்கிறது. 2022இலிருந்து நாடு முழுவதும் அப்படி ஒரு திட்டம் நடக்கிறது. நல்ல திட்டம், எல்லாரும் அதில்தான் போட வேண்டும். கெட்டுப்போன அந்த ஒரு சோடியை முனைகளில் ரேப் ஒட்டி அதில் போட்டேன். மிச்சம் ஒன்பது சோடி மருமகனின் அலுமாரியில் இருக்கின்றன, அளவு எழுதிய தாளோடு.

கம்பனிக்குக் கடிதம் எழுதினேன். உரும்பிராயில் காட்போட் காஸ்கெட்டோடு ஓடிய எஞ்சினைப் பற்றி இரண்டு வரி எழுதி, பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன்: தகுதி பெற்ற திருத்துநர்களுக்கு போர்ட்டின் பூட்டைத் திறக்கும் வழியைக் கொடுங்கள், கலங்களைத் தனியே விற்றுத் தாருங்கள். பதில் வந்தது. என் கருத்துக்கு நன்றி சொல்லி, புதுப் பற்றரி வாங்கப் பத்து வீதக் கழிவுக்கு ஒரு இலக்கம் தந்திருந்தார்கள். அந்த இலக்கத்தை நான் பாவிக்கவில்லை. மீந்த ஒரு பற்றரியில் முன்வளவை வெட்டி, அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, பின்வளவைப் பின்னேரம் வெட்டுகிறேன். இரண்டாவது கடிதத்தை மருமகன் ஆங்கிலத்தில் திருத்தித் தந்தான். அதோடு திறந்த பற்றரியின் படமும், பத்துச் சோடிகளின் அளவும், கெட்ட சோடிக்கு நேரே சிவப்பு மையில் ஒரு அம்புக்குறியும் அனுப்பியிருக்கிறேன்.